இருபத்துமூன்று மீன்களும் ஒரு பிரஷர் மாத்திரையும்

படிக்காதவன் கெடுக்கும் காரியம் ஒரு தடவையோடு கெட்டு நின்றுவிடும். படித்தவன் அப்படி விடமாட்டான். ஏன் கெட்டது என்று ஆராய்வான், காரணத்தைக் கண்டுபிடிப்பான், அதைச் சரிசெய்வான், பிறகு வேறு விதமாகக் கெடுப்பான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் என்ற முறையில் இதை என்னால் கொஞ்சம் உறுதியாகவே சொல்ல முடியும்.

அப்பா பம்மல் பக்கம் கல்குவாரியில் வேலை செய்தார். அம்மா அங்கேயே ஜல்லி அள்ளினாள். நான் பி.எஸ்சி. விலங்கியல். (ஏன் விலங்கியல் என்று கேட்கக் கூடாது. விண்ணப்பம் கொடுத்த அன்று அந்த வரிசையில்தான் கூட்டம் குறைவாக இருந்தது.) பட்டம் வாங்கி எட்டு மாதம் சும்மா இருந்த பிறகு, மேற்குத் தாம்பரத்தில் ஓர் இளம் டாக்டர் புதிதாக கிளினிக் திறக்கப் போகிறார், டோக்கன் கொடுக்க ஆள் தேடுகிறார் என்று தெரிந்து போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"பி.எஸ்சி. ஜுவாலஜி சார்."

"ஜுவாலஜியா? வெரி குட். அப்ப மீன் தொட்டி உங்க டிபார்ட்மென்ட்."

தி. நகரில் யாரோ ஒரு பல் டாக்டர் காத்திருக்கும் அறையில் மீன் தொட்டி வைத்திருந்தாராம். பல்வலிக்காரர்கள் எல்லாம் மீனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். (பல்வலிக்காரர்கள் வேறு எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.) நம் கிளினிக்கிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டோடு வந்து இறங்கிவிட்டது. மீன் மட்டும்தான் பாக்கி.

ஒரு உண்மையை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் நான் தொட்ட மீன்கள் எல்லாம் ஃபார்மலின் ஜாடியிலிருந்து வந்தவை. உயிருள்ள மீனோடு எனக்கிருந்த ஒரே பழக்கம் சந்தையில் ஏற்பட்டது, அதுவும் குழம்பு சம்பந்தமாக. ஆனால் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன் இதையெல்லாம் நேர்முகத்தில் சொல்வதில்லை. "பார்த்துக்கறேன் சார்" என்றேன்.

மார்க்கெட் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருந்த பாயிடம் எட்டு மீன் வாங்கினேன். பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டவர், இன்னொரு கேனை என் பக்கம் நகர்த்தினார். அதில் பச்சையும் பழுப்புமாக ஒரு தண்ணீர், அடியில் வண்டல், அதற்குள் ஊறிப்போன ஒரு பஞ்சுத் துண்டு.

"இத்தயும் எடுத்துனு போ சார். புதுத் தொட்டிதான? நம்ம பழைய தொட்டி தண்ணி. கலந்துடு."

"இந்த அழுக்கையா?"

"அழுக்கு இல்ல சார், உறை. உறை ஊத்தாம பாலு தயிராவுமா?"

அவரை நான் இரக்கத்தோடு பார்த்தேன். பாக்டீரியா என்ற சொல்லைக்கூடக் கேள்விப்படாத மனிதர். (அவர் அன்று சொன்னது முழுக்க முழுக்க பாக்டீரியாவைப் பற்றித்தான் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. அந்த இடைவெளிக்கு உயிர்கள் விலையாகின.) "கிளினிக்குக்கு பாய், சுத்தமா இருக்கணும்" என்று சொல்லி, கேனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். தொட்டியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கூழாங்கற்களை ஃபினாயிலில் ஊறவைத்தேன். தண்ணீர் நிரப்பிய பிறகும் மனசு ஆறாமல், எதற்கும் இருக்கட்டும் என்று டெட்டால் நாலு சொட்டு விட்டேன். கிளினிக் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் அந்தப் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"சேகர், மீன் விடப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"

மீன்களை விட்டேன். அரை மணி நேரத்தில் எட்டும் மேலே வந்து படுத்துவிட்டன. திறப்பு விழா மறுநாள் காலை.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: மருந்து வாடை. அப்படியென்றால் மருந்தில்லாத சுத்தம் வேண்டும். அந்த சமயம் ஊரில் மஞ்சள் காமாலை இருந்ததால், கிளினிக் சுவரில் ஒட்ட "தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கவும்" என்று நானே அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அட்டையை ஒரு பார்வை பார்த்தேன். அண்டாவை எடுத்தேன்.

மூன்றடித் தொட்டிக்கு எத்தனை அண்டா வெந்நீர் வேண்டும் என்று அனுபவிக்காதவர்களுக்குத் தெரியாது. ஸ்டவ்வில் வைத்து இறக்கி, தூசி விழாமல், காற்றுகூடப் புகாமல் மூடி ஆறவைத்து, சூடில்லை என்று முழங்கையால் தொட்டுப் பார்த்து (குழந்தையைக் குளிப்பாட்ட அம்மா அப்படித்தான் பார்ப்பாள்) ஊற்றினேன். பாயிடம் போய் இன்னும் ஆறு மீன் வாங்கி வந்தேன்.

"இன்னா சார், எட்டும் காலியா?" என்றார் பாய். வேறொன்றும் கேட்கவில்லை. வியாபாரி.

காய்ச்சிய தண்ணீரில் கிருமி மட்டுமல்ல, மீன் மூச்சுவிட வேண்டிய காற்றும் போய்விடும். காற்று மோட்டாரும் நான் இன்னும் வாங்கவில்லை. ஆறு மீன்களும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள், மீன்கள் வரவேற்கின்றன என்றார்கள். மாலைக்குள் வரவேற்பு முடிந்துவிட்டது.

ஆக, பதினாலு.

மூன்றாவது முறை கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். மோட்டார் வாங்கிக் குமிழி விட்டேன். இந்தத் தடவை பாயிடம் கொஞ்சம் தாராளமாகவே வாங்கினேன், பன்னிரண்டு. அவை சாகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நான்காம் நாள் சட்டையை உள்ளே விட்டு வேலைக்குப் போனேன். ஐந்தாம் நாள் ஒன்று செத்தது.

இப்போது நடந்ததை விளக்க வேண்டும். மீன் தின்னும், கழியும். அந்தக் கழிவு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வளர வேண்டும். அது வளர வாரக்கணக்கில் ஆகும். நானோ, ஒரு மீன் செத்ததும் பதறி, தண்ணீர் முழுவதையும் வெளியே ஊற்றி, கல்லையெல்லாம் தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று செத்தது. மறுபடி தேய்த்தேன். வளர வந்த கூட்டத்தை ஒவ்வொரு தடவையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஏன் வளரவில்லை என்று மறுநாள் காலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, காத்திருப்பவர்கள் ரஸ்க்கு, மேரி பிஸ்கட், ஒருமுறை அரை இட்லி என்று தொட்டிக்குள் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆராய்ச்சி என்றால் பதிவு வேண்டும் அல்லவா. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு சாவையும் எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், மீன் வகை. நேரம் எழுதுவதில் ஒரு சிக்கல். என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. கிளினிக் சுவர்க் கடிகாரம் திறப்பு விழாவன்று அன்பளிப்பாக வந்தது; அன்றே நின்றுவிட்டது. எனவே நேரத்துக்குப் பதிலாக, டாக்டர் அறைக்குள் அப்போது எந்த டோக்கன் இருந்தது என்று எழுதினேன். அறிவியல் முறைப்படி அதில் ஒரு தவறும் இல்லை.

"டோக்கன் 14: கறுப்பு மோலி."

அந்த டோக்கன் பதினாலு, கார்டு சார். பெயர் ஆறுமுகம், கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தலைசுற்றல் என்று வந்தார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, அதிகம் இருக்கிறது, தினமும் மாத்திரை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம், வெளியே கறுப்பு மோலி மல்லாந்தது. அவர் வெளியே வரும்போது நான் அதைச் சல்லடையால் எடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னாபா எழுதற?"

"மீன் செத்திடுச்சு சார். உங்க டோக்கன்ல."

'உங்கள் டோக்கன் நேரத்தில்' என்று முழுதாகச் சொல்லியிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், அவசரம்.

கார்டு சார் நோட்டைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தலையை இடம் வலமாக ஆட்டிப் பார்த்தார். சுற்றவில்லை. (டாக்டர் உள்ளேயே முதல் மாத்திரையைக் கொடுத்து, கால் மணி நேரம் படுக்க வைத்துத்தான் அனுப்பியிருந்தார். அது கணக்கில் வரவில்லை.)

வீட்டுக்கு வர இருந்த ஆபத்தை வளர்க்கும் மீன் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அது வீட்டு மீனுக்கு. கிளினிக் மீன் என்ன செய்யும் என்பதற்கு அதுவரை முன்னுதாரணம் இல்லை. கார்டு சார் அதை ஏற்படுத்தினார். டீக்கடையில் சொன்னார், பென்ஷன் வரிசையில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார். "அந்த டாக்டராண்ட போனா மீனு வாங்கிக்குது. சும்மா இல்ல, நோட்டு போட்டு எழுதறாங்க."

கூட்டம் வர ஆரம்பித்தது. டாக்டருக்கு மகிழ்ச்சி. உட்கார, நிற்க இடமில்லை. எனக்குத்தான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. டோக்கன் வாங்கியவர்கள் நாற்காலியில் உட்காராமல் தொட்டியைச் சுற்றி நிற்பார்கள். அன்று மீன் சாகாவிட்டால் முகம் வாடும். பூ விற்கும் அக்கா ஒருவர் மூட்டு வலியோடு மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மூன்றாம் நாள் என் மேஜை மேல் கையை ஊன்றிக் கேட்டார்.

"ஏம்பா, நேத்து இருமல்காரனுக்கு ஒண்ணு போச்சாமே. எனுக்கு மட்டும் இன்னா? என் மூஞ்சப் பாத்து மீனு சாவ மாட்டேங்குதா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"அந்த மஞ்சா மீனு சோந்து கீது. அது போற நேரமா பாத்து என்ன உள்ள வுடு."

நான் விடவில்லை. ஆனால் அவர் உள்ளே இருக்கும்போது அது போய்விட்டது. அதையும் எழுதினேன். எழுதாவிட்டால் ஆராய்ச்சி முழுமையாகாது.

ஒரு வியாழக்கிழமை காலை, மூன்று வாரத்துக்குப் பிறகு கார்டு சார் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது, நடை தள்ளாடியது. டாக்டர் அவர் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியதைப் பார்த்து, இறக்கிவிட்டு, மறுபடி அடித்தார். ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டு அவரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கார்டு சார், மாத்திரை போடறீங்களா?"

"எதுக்கு சார்?"

"பிரஷருக்கு."

"அதுதான் போயி மூணு வாரமாச்சே."

"போச்சுன்னு யாரு சொன்னது?"

"உங்க ஆபீஸ்லயே எழுதி கீதே சார். பதினாலாம் நம்பர், கறுப்பு மீனு. தம்பியக் கேளுங்க."

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நோட்டோடு வரச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். டோக்கன் 14: கறுப்பு மோலி. டோக்கன் 9: கோல்டு ஃபிஷ். டோக்கன் 22: மஞ்சள் கப்பி. அந்த அறையில் என் வாழ்நாளின் மிக நீளமான ஐந்து நிமிடங்கள் நடந்தன. (கடிகாரம் நின்றிருந்தது என்பது ஒரு வகையில் நல்லது.)

"சேகர், இது என்ன?"

"டெத் ரெக்கார்டு சார்."

"மாத்திரையை நிறுத்தினவங்க இன்னும் எத்தனை பேரு?"

வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூ விற்கும் அக்கா மட்டும் குனியவில்லை.

டாக்டர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மெதுவாகப் பேசினார். "இவருக்கு இப்ப இருக்கற பிரஷருக்கு, இன்னும் ஒரு வாரம் மாத்திரை போடலைன்னா கை கால் இழுத்துக்கலாம். புரியுதா? முதல்ல அந்தத் தொட்டியைத் தூக்கி வெளிய போடுங்க."

"போட்டுடுங்க," என்றார் கார்டு சார் எழுந்தபடியே. "போட்டீங்கன்னா மீன்தான் காப்பாத்துச்சுன்னு நீங்களே ஒத்துகினா மாதிரி. நானும் வேற எடம் பாத்துக்கறேன்."

முப்பது வருடம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து யோசித்தவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. டாக்டர் வாயை மூடிக்கொண்டார். நான் திறந்தேன்.

"சார், மீன் வளர்க்கத் தெரியாத என்னாலதான் எல்லாம் செத்துச்சு. கார்டு சாருக்காக ஒண்ணும் சாகல."

"நீ ஜுவாலஜி படிச்சவனாச்சே, உனுக்குத் தெரியாமயா?" என்றார் கார்டு சார். என்னை அதற்கு முன்பும் பின்பும் யாரும் அவ்வளவு நம்பியதில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தொட்டியில் இன்னும் மூன்று மீன் மிச்சம். அதில் ஒன்று வால் கிழிந்த கறுப்பு மோலி. "இன்னிலேர்ந்து மாத்திர போடறேன். தினம் காலைல வந்து எண்ணுவேன். மூணும் இருந்தா முழுங்குவேன். ஒண்ணு போச்சுன்னா மீனு வேல செய்துன்னு அர்த்தம். அன்னியோட நிறுத்திடுவேன்." மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "மீன் செத்தா எனக்குச் சொல்லாதீங்க சேகர். நேரா வீட்டுக்குப் போயிடுங்க."

அன்று மதியம் கிளை நூலகத்துக்கு ஓடினேன். வண்ணமீன் வளர்ப்பு பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம், கடைசி அலமாரியில், யாரும் தொடாமல் இருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் எல்லாம் இருந்தது. புதுத் தொட்டியில் மீன் சாவது ஏன், கல்லைத் தேய்க்கக் கூடாதது ஏன், தண்ணீரை முழுதாக மாற்றாமல் கொஞ்சமாக மாற்ற வேண்டியது ஏன். தொட்டி பழகும்வரை மீனைக் குறைவாக விடு, தீனியைக் குறைவாகப் போடு. அவசரம் என்றால், நன்றாக ஓடும் பழைய தொட்டியிலிருந்து பஞ்சும் கல்லும் எடுத்து வந்து போடு. பாய் முதல் நாள் சும்மா கொடுத்ததை, புத்தகம் இங்கிலீஷில் சொன்னதும் ஏற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு கார்டு சார் வந்து, மூன்றையும் எண்ணி, மாத்திரை போட்டார். மதியம் நான் பாய் கடைக்குப் போனேன். பூட்டு. பக்கத்து சைக்கிள் கடையில் கேட்டேன். "ஆம்பூர்ல கல்யாணம். திங்கக்கெழமதான் வருவாரு. மீன்லாம் மச்சான் வூட்ல கீது. இன்னா, மறுபடியும் காலியா?" என் புகழ் பரவியிருந்தது.

மாலையில் வால் கிழிந்த மோலி சாய்ந்து நீந்த ஆரம்பித்தது. ஸ்டெல்லா சிஸ்டர்தான் சொன்னார். "மேல ஹவுஸ் ஓனர் வீட்ல பெரிய தொட்டி இருக்கே. ஊசி போடப் போனப்ப பாத்தேன். நீங்க பாக்கலியா?"

நான் மாடிக்குப் போனதே இல்லை. கட்டடம் அங்கே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அம்மாவுடையது. ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது எங்கள் தெருவே நின்றது. மாடியேறிப் போனபோது கூடத்தில் தொட்டி, அதில் இருபது மீன், பாசி படிந்த கண்ணாடி, மூலையில் அற்புதமான அழுக்கோடு ஒரு பஞ்சு. என் கண்ணுக்கு அது சாமி படம் மாதிரி தெரிந்தது. அந்தம்மா சாமி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இன்னாபா?"

"அம்மா, உங்க தொட்டியிலேர்ந்து கொஞ்சம் அழுக்கு வேணும்."

"அழுக்கா?"

"ஆமாம்மா. அந்தப் பஞ்சும், நாலு கல்லும், ஒரு பக்கெட் பழைய தண்ணியும்."

"வெள்ளிக்கெழம. வெளக்கு வெச்சாச்சு. இந்நேரத்துல வூட்லேர்ந்து ஒண்ணு வெளிய குடுப்பாங்களா?"

"அழுக்குதானேம்மா."

"அழுக்கோ அரிசியோ, எங்க வூட்டுதுதான? வெள்ளிக்கெழம வெளிய போனா லட்சுமி போறா மாதிரி. காலைல வா."

காலைவரை மோலி தாங்காது. நான் கெஞ்சினேன். கார்டு சார் கதை, பாதரசம், கை கால் இழுத்துக்கொள்வது எல்லாம் சொன்னேன். அவர் இரக்கப்பட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். பிறகு அவரே தாடையில் கை வைத்து யோசித்தார்.

"வெளிய போவக் கூடாதுன்னுதான் சொன்னேன். உள்ள வர்றத யாரு வேணான்னா? உன் மீன இங்க கொண்டாந்து வுடு."

மூன்று மீனையும் டாக்டர் கையலம்பும் எனாமல் பேசினில் அள்ளி, மாடியேறி, அந்தப் பழைய தண்ணீரில் மெதுவாக விட்டேன். கொஞ்ச நேரத்தில் மோலி நேராக நீந்தியது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்துவிட்டேன். திட்டம் இதுதான்: அந்தம்மா பூஜை முடித்ததும் பஞ்சு, கல், தண்ணீர் வாங்கி வருவது, கீழே போடுவது, மீன்களைத் திரும்பக் கொண்டு வருவது. கார்டு சார் ஒன்பதுக்குத்தான் வருவார். கீழே தொட்டியில் இருந்த தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு மாடிப்படியில் காத்திருந்தேன். பூஜை முடியவில்லை. மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டரைக்குக் கீழே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கார்டு சார் மீனில்லாத தொட்டி முன்னால் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் டோக்கனுக்கு வந்த பதினைந்து பேர். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து என் மேஜைமேல், டோக்கன் டப்பாவுக்குப் பக்கத்தில், மரியாதையாக வைத்தார்.

"மூணும் போச்சு. எனுக்கு இனிமே ஆயுசுக்கும் பிரஷர் இல்ல."

"சாகல சார்! மேல இருக்கு!"

"மேலதாம்பா எல்லாரும் போறது," என்றார் பூ விற்கும் அக்கா.

"மாடில, மாடில! வாங்க காட்டறேன்!" என்று கார்டு சார் கையைப் பிடித்தேன். பிரஷர்காரரை மாடிப்படி ஏற்றக் கூடாது என்று தோன்றி, பாதிப் படியில் நிறுத்தி மூச்சு வாங்க வைத்தேன். பின்னால் பதினைந்து பேரும் நின்று மூச்சு வாங்கினார்கள். அந்த நேரம் பார்த்து டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நோயாளிகள் மொத்தமும் மாடிப்படியில் வரிசையாக நிற்பதையும், தலைமையில் நான் நிற்பதையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வரிசையின் கடைசியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

ஹவுஸ் ஓனர் அம்மா கையில் கற்பூரத் தட்டோடு திரும்பினார். கூடம் நிறைய ஆட்கள்.

"இன்னாபா இது? செருப்ப வுட்டீங்களா எல்லாரும்?"

எல்லோரும் திரும்பிப் போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்தார்கள். டாக்டரும் ஷூவைக் கழற்றினார். கார்டு சார் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தார். இருபத்துமூன்று மீன் நீந்துகிற தொட்டியில் ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. நானும் குனிந்து தேடினேன். அந்த மோலி இரவில் செத்து, அந்தம்மா காலையில் எடுத்துப் போட்டிருந்தால்?

"ந்தா கீது," என்றார் கார்டு சார். "வால் பிஞ்சவன். ந்தா அந்த ரெண்டும்." நிமிர்ந்தார். ஏமாற்றமா நிம்மதியா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் மாத்திரைப் பட்டையைக் கொடுத்தேன். (மேஜையிலிருந்து எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.)

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

பதினைந்து பேர், ஒரு டாக்டர், ஒரு ஹவுஸ் ஓனர், ஒரு விலங்கியல் பட்டதாரி பார்த்துக்கொண்டிருக்க, அவர் அந்த மாத்திரையை முழுங்கினார். ஸ்டெல்லா சிஸ்டர் கீழேயிருந்து, "ஏன் யாருமே இல்ல?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மீன்களைத் திரும்ப எடுக்க நான் பேசினை நீட்டியதும் அந்தம்மா தடுத்தார். "வெள்ளிக்கெழம வெளக்கு வெச்ச நேரத்துல வூடு தேடி வந்துதுங்க. அதுங்கள அனுப்பறதாவது." அதற்குப் பதிலாக அவர் தொட்டியில் பிறந்த குட்டி மோலிகள் ஆறு கொடுத்தார். பஞ்சு, கல், தண்ணீர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளச் சொன்னார். "சனிக்கெழம அழுக்கு வெளிய போறது நல்லதுதான்."

அந்த ஆறும் சாகவில்லை. தொட்டி பழகியது. நான் கல்லைத் தேய்ப்பதை நிறுத்தினேன், நோட்டையும் டாக்டர் வாங்கிக்கொண்டார். கூட்டம் பாதியாகக் குறைந்தது. வந்தவர்கள் மாத்திரை போட்டார்கள். கார்டு சார் மட்டும் தினமும் காலையில் கீழே டோக்கன் வாங்காமல் நேராக மாடிக்குப் போய், மூன்றையும் எண்ணி, அங்கேயே தண்ணீர் வாங்கி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினார். அந்தம்மாவும் ஒரு டம்ளரை அவருக்கென்று ஒதுக்கிவிட்டார். வருடக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. மூன்றில் ஒன்று எப்போதாவது போனால், அவர் வருவதற்குள் அந்தம்மா அதே மாதிரி ஒன்றை வாங்கி விட்டுவிடுவார். வால் கிழிந்ததற்குப் பதில் கிடைக்காதபோது என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை.

எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் தாய்மாமன் பையனைப் பற்றி விசாரிக்க எனக்குத் தெரியாமல் கிளினிக் பக்கம் வந்திருக்கிறார். மாடியிலிருந்து இறங்கி வந்த கார்டு சாரிடமே கேட்டிருக்கிறார். கார்டு சார் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார்.

"தங்கமான பையன். டாக்டராண்ட வேல. ஆரம்பத்துல அவன் கைல எதுவும் உயிரோட தங்கல. இப்ப பரவால்ல."

தாய்மாமன் ஊருக்குப் போய் அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொல்லியிருக்கிறார். எப்படியோ கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை என் மாமியார் வீட்டில் துளசிச் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றப் போனால், மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து வந்து சொம்பை வாங்கிக்கொள்வார்கள். "நீங்க உக்காருங்க மாப்ள" என்பார்கள். எங்கள் மகள் பிறந்தபோது மருத்துவமனையில் குழந்தையை முதலில் என் கையில் கொடுக்க வந்த நர்ஸிடம், பிரசவ அலுப்பிலும் என் மனைவி கண்ணைத் திறந்து சொன்னாள்: "சிஸ்டர், அவர் டெட்டால் எதுவும் போட்டிருக்காரான்னு பாத்துட்டுக் குடுங்க."